கச்சானிலும் கழற்றாத கவசம்

காற்றின் வழியே பரவும் வைரசுகளிலிருந்து காப்பாற்ற எத்தகைய முகக்கவசம் வேண்டும்? துறைமுகப் பட்டினமாகிய திருகோணமலையிலிருந்து ஒரு விசாரணை.

மேற்கே மலைநாட்டில் தன் மழையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமிழந்து, வெம்மை ஒன்றையே சுமந்துகொண்டு வரும் கச்சான் காற்று, தம்பலகாமத்து வயல்வெளிகளைக் கடந்து திருகோணமலைப் பட்டினத்தை அடையும் ஆனி, ஆடி மாதங்களில், பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை எட்டிவிடுகிறது. அந்த வெயிலிலேதான் சீனக்குடாப் பக்கத்தில் கப்பலிலிருந்து கோதுமை இறங்குகிறது, மாவாலை ஓடுகிறது, சீமெந்து அரைபடுகிறது. அந்த வெயிலிலேதான் திருக்கடலூர்க் கரையில் மீன் கூறி விற்கிறார்கள். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் செல்லும் பஸ்களில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு பிரயாணம் செய்கிறார்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தாதியர் காலை முதல் நின்ற நிலையில் பணியாற்றுகிறார்கள். கொவிட் தொற்றுக் காலத்தில் இவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரே கட்டளை பிறந்தது: மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்பது.

1897-ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபரில் வெளியான ஒழுங்குவிதிகள், பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவருக்கு 10,000 ரூபா வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிப்பதற்கு இடமளித்தன. கட்டளைக்கு ஜனங்கள் பெரும்பாலும் பணிந்தார்கள். ஆனால் கோதுமை மூடை சுமந்த நாட்டாமையின் கவசம் அரை மணி நேரத்துக்குள் வியர்வையில் நனைந்து தாடைக்கு இறங்கியது. மீன் விலை கூறியவர் தம் குரல் எட்டவில்லையென்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி அணிந்த ஆசிரியையின் கண்ணாடி ஒவ்வொரு மூச்சுக்கும் புகை படர்ந்தது. இவற்றை ஒழுக்கக் குறைவென்று கடிந்துகொள்வது எளிது. ஆயினும், புகை படர்ந்த கண்ணாடி ஒரு விஞ்ஞான உண்மையை நமக்கு அறிவிக்கிறது: மூச்சு துணியின் ஊடாகச் செல்லாமல் விளிம்பு வழியாகத் தப்பிச் செல்கிறது; அவ்வழியே தப்பிச் செல்லும் காற்று அவ்வழியே உள்ளேயும் வருகிறது.

ஒரு முகக்கவசத்தின் மேன்மையை அதன் துணி எத்தனை விழுக்காடு நுண்துகளை வடிகட்டுகிறது என்ற ஓர் எண்ணினால் அளப்பது இதுவரை வழக்கமாயிருந்து வருகிறது. அந்தத் துணி எந்த முகத்தில் அமர்கிறது, எந்தக் காலநிலையில், எந்தத் தொழிலின் நடுவே, எத்தனை மணி நேரம் கழற்றப்படாமல் இருக்கிறது என்பவற்றையும் சேர்த்து அளந்தாலன்றி அந்த எண் பூரணமான உண்மையாகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பினாங்கு தந்த வைத்தியர்

கொட்டியாரக் குடாவின் வாயைத் தாண்டி வங்காள விரிகுடாவில் கிழக்கு நோக்கிக் கப்பலைச் செலுத்தினால், அக்கரையில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பினாங்குத் தீவு எதிர்ப்படும். நவீன முகக்கவசத்தின் வரலாற்றில் மறக்கொணாத மனிதர் ஒருவர் அத்தீவில் 1879-இல் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று, சீனாவின் இராணுவ வைத்தியக் கல்லூரியில் கடமையேற்றிருந்த வூ லியன்-தே என்பவரே அவர். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் ஒன்று பரவி, பீடிக்கப்பட்டவரில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் கொன்றுகொண்டிருந்தபோது, அதன் காரணத்தைக் கண்டறியும்படி சீன அரசாங்கம் இவரை அங்கே அனுப்பிவைத்தது.

பிளேக் என்றால் எலியும் தெள்ளும் என்றே உலகத்து வைத்தியர்கள் அந்நாளில் நம்பியிருந்தார்கள். இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தும், நோயாளிகளைக் கவனித்தும், இந்த பிளேக் சுவாசப்பையைப் பற்றுவது, மனிதனின் மூச்சிலிருந்து மனிதனின் மூச்சுக்கு நேரே தாவுவது என்ற முடிவுக்கு வூ லியன்-தே வந்தார். சத்திரசிகிச்சை அறைகளில் வழங்கிய மெல்லிய கவசத்தைப் பின்பற்றி, சல்லாத்துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சை வைத்து, முகத்தோடு இறுகப் பொருந்தும்படி பல கட்டுகளால் தலையைச் சுற்றிக் கட்டத்தக்க கவசமொன்றை அவர் வகுத்தார். விலை மலிந்தது, எவரும் கையால் செய்யக்கூடியது, கட்டினால் நழுவாதது என்பவை அதன் குணங்கள். மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர், தம் அனுபவத்தின் மீதிருந்த நம்பிக்கையால், இந்த இளைஞரின் கருத்தை இகழ்ந்து, கவசமின்றி நோயாளிகளைப் பார்வையிட்டு, சில நாட்களுக்குள் அந்நோய்க்கே இரையானார். அதன் பின்னர் கவசத்தை எதிர்த்துப் பேசுவார் இல்லை. ஏறத்தாழ 60,000 உயிர்களை உண்ட அந்தக் கொள்ளைநோய் 1911-இன் வசந்தகாலத்துக்குள் அடங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் முக்டன் நகரில் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடிய மகாநாட்டுக்கு வூ லியன்-தே தலைமை தாங்கினார்.

அந்நோயை உண்டாக்கியது பக்டீரியா. நாம் இன்று அஞ்சுவது வைரஸ். ஆனால் இரண்டும் ஏறிவரும் வாகனம் ஒன்றே. வடிகட்டும் பொருள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது முகத்தோடு பொருந்துவது என்பதை, நுண்துகளை எண்ணும் கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே அந்தப் பினாங்கு வைத்தியர் உணர்ந்திருந்தார். தலையைச் சுற்றிய கட்டுகளே அதற்குச் சாட்சி.

மிதக்கும் பகை

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் சில அடி தூரத்துக்குள் தரையில் விழுந்துவிடும். ஆதலால் இரண்டு முழம் எட்டி நின்றால் போதும் என்ற நம்பிக்கை வைத்திய உலகில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1934-இலேயே இதற்கு மாறான ஒன்றைச் சொல்லியிருந்தார். சிறு துளியின் நீர் காற்றில் உலர்ந்துபோக, எஞ்சும் நுண்ணிய அணு கிருமியையும் தாங்கிக்கொண்டு நெடுநேரம் மிதக்கும் என்பதே அவர் கண்டது. பின்னர், 1950-களின் பிற்பகுதியில், பால்ட்டிமோர் நகர வைத்தியசாலை ஒன்றில் காசநோயாளர் தங்கிய விடுதியின் காற்றைக் குழாய் வழியே எடுத்துச் சென்று, வேறோர் அறையில் வளர்த்த கினிப்பன்றிகள் சுவாசிக்கும்படி ரிச்சர்ட் ரைலியும் அவருடைய சகாக்களும் செய்தபோது, நோயாளியை ஒருமுறையேனும் கண்டிராத அந்தப் பிராணிகளுக்குக் காசநோய் தொற்றியது. காற்றே தூது சென்றது என்பது ஐயமற நிரூபணமாயிற்று.

இருந்தும், 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், கொவிட் காற்றின் வழியே பரவும் நோயன்று என்று உறுதியாக அறிவித்தது. அதே மாதத்தில், அமெரிக்காவின் ஸ்கஜிட் பள்ளத்தாக்கில், பாடகர் குழுவொன்றின் ஒத்திகைக்குக் கூடிய 61 பேரில் 53 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். பஜனையிலும் திருமுறைப் பாராயணத்திலும் குரலெழுப்பிப் பாடிப் பழகிய நம் போன்றோருக்கு அச்செய்தி அந்நியமானதன்று: பாடும் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வெளிப்படும் நுண்துளிகளே அந்த மண்டபத்தை நிரப்பியிருந்தன. லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகியோர் எழுத, 239 விஞ்ஞானிகள் ஆதரவளித்த பகிரங்கக் கடிதம் அவ்வாண்டு ஜூலையில் வெளியாயிற்று. படிப்படியாகவே உலக சுகாதார நிறுவனம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. காற்றில் வரும் பகையைத் துளியாக வரும் பகையென்று கருதிய அந்த மாதங்களில், மூக்கின் இரு மருங்கும் இடைவெளி விட்டுத் தொங்கும் தளர்ந்த கவசமே போதுமென்று உலகம் எண்ணிற்று. அந்த எண்ணத்தின் எச்சம் இன்னும் நம் பழக்கத்திலே தங்கியிருக்கிறது.

வலையின் நியாயம் இங்கே செல்லாது

வலை வீசி வாழும் மக்களுக்கு வடிகட்டுவது என்றவுடன் வலைக்கண்ணே நினைவுக்கு வரும். கண் பெரிதானால் மீன் தப்பும், கண் சிறிதானால் அகப்படும். எனவே, கொவிட் வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மைக்ரோன் என்றும், கவசத்தின் இழைகளுக்கிடையேயுள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு அகலமென்றும் கேள்வியுற்ற ஒருவர், நெத்தலிக்குத் திருக்கை வலை விரித்த கதைதான் இது என்று முடிவுகட்டினால் அவரைக் குறைகூற முடியாது. ஆனால் நுண்துகள்களின் உலகில் வலையின் நியாயம் செல்லாது. சற்றுப் பெரிய துகள், காற்று இழையைச் சுற்றி வளைந்து செல்லும்போது தானும் வளைய மாட்டாமல் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகள், காற்று மூலக்கூறுகளின் ஓயாத இடிகளால் இங்குமங்கும் அலைக்கழிந்து, அந்த அலைச்சலிலேயே ஏதேனும் ஓர் இழையைத் தொட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. பெரிதுமன்றிச் சிறிதுமன்றி இடைப்பட்ட துகளே தப்புவதில் சமர்த்துடையது; ஆகையால்தான் தரப் பரீட்சைகள் 0.3 மைக்ரோனை ஒட்டிய அளவுகளில் நடத்தப்படுகின்றன. என்-95 என்று பெயர் பெற்ற கவசம், நிமிடத்துக்கு 85 லீற்றர் காற்றை இழுக்கும் கடுமையான பரீட்சையில் அத்தகைய துகள்களில் நூற்றுக்கு 95-ஐயேனும் பிடித்துவைக்க வேண்டும்.

இதைச் சாதிப்பது ஒரு மின்சார சூக்குமம். பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, நுண்துளைகள் வழியே பிதுக்கி, சூடான காற்றால் ஊதி, தலைமயிரைவிடப் பல மடங்கு மெலிந்த இழைகளாகப் படியச் செய்யும் முறை 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. தாய்வானில் பிறந்து டெனசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய், 1990-களில் அந்த இழைகளுக்கு நிலையான மின்னேற்றம் ஊட்டும் வழியைக் கண்டார். மின்னேற்றம் பெற்ற இழை, அருகே வரும் துகளைத் தன்பால் ஈர்க்கிறது. ஆதலால் அடுக்கைத் தடிப்பாக்காமலும், மூச்சுக்குத் தடையைக் கூட்டாமலும் வடிகட்டும் ஆற்றலைப் பன்மடங்கு பெருக்க முடிந்தது. சவர்க்காரமிட்டுத் துவைத்தாலோ, மதுசாரத்தில் நனைத்தாலோ இந்த மின்னேற்றம் அழிந்துவிடும். கவசத்தைத் துவைத்து வெயிலில் காயவைத்து மறுபடியும் அணிந்த சிக்கனமான குடும்பங்கள், அதன் உருவத்தைக் காத்து உயிரை இழந்தன என்றே சொல்லவேண்டும்.

இக்கவசத்தின் பிறப்பு வைத்தியசாலையில் நிகழவில்லை என்பது துறைமுகத் தொழிலாளரை உடைய ஒரு பட்டினம் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி. சாரா லிட்டில் டர்ன்புல் என்ற வடிவமைப்பாளரின் தூண்டுதலால், அச்சில் வார்த்த கிண்ண வடிவக் கவசத்தை 3எம் நிறுவனம் 1961-இல் வெளியிட்டபோது, கிருமியைத் தடுக்கும் தகுதி அதற்கு இல்லையென்று கண்டு, தூசிக் கவசமாகவே விற்றார்கள். ஒருமுறை அணிந்து எறியும் வகை 1972-இல் தொழிற்சாலைத் தூசுக்காகவே அங்கீகாரம் பெற்றது. அமெரிக்க வைத்தியசாலைகளில் காசநோய் மீண்டும் தலைதூக்கிய பிறகே, 1995-ஆம் ஆண்டின் புதிய விதிகளோடு, அது தாதியரின் முகத்துக்கு வந்து சேர்ந்தது. மாத்தூசிலும் சீமெந்துத் தூசிலும் உழைப்பவருக்கு வேண்டிய கவசமும், நோயாளியின் படுக்கையருகே நிற்பவருக்கு வேண்டிய கவசமும் ஒரே வமிசத்தைச் சேர்ந்தவை. ஒருவருக்காகச் செய்யும் முயற்சி மற்றவரையும் காக்கும்.

விளிம்பிலே இருக்கிறது விஷயம்

உயர்ந்த வடிதாள் ஒன்றை எடுத்து, அதில் நூறில் ஒரு பங்கு பரப்புக்கு மட்டும் ஓட்டை விட்டால் என்ன நேரும்? சிகாகோ பல்கலைக்கழகத்தையும் ஆர்கோன் ஆய்வுகூடத்தையும் சேர்ந்த அபிதேஜா கொண்டா, சுப்ரதிக் குகா முதலியோர் 2020-இல் நடத்திய பரிசோதனையில், அத்தகைய சிறு இடைவெளிகளால் வடிகட்டும் திறன் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோகக் கூடும் என்று தெரியவந்தது. தடையுள்ள பாதையையும் தடையற்ற பாதையையும் ஒருங்கே கண்ட காற்று, தடையற்றதையே தேர்ந்துகொள்வது இயல்பல்லவா? துணியைச் செம்மை செய்வதிலேயே அறிவையெல்லாம் செலவிட்டு, விளிம்பை மறந்துவிடுவோமானால் பிரயோசனம் சொற்பம்.

அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு எளிய உதாரணம் தருகிறது. சாதாரண வைத்தியக் கவசம், இருமலில் வெளிப்பட்ட துகள்களில் 56.1 விழுக்காட்டைத் தடுத்தது. அதே கவசத்தின் காதுப்பட்டிகளை ஓரத்தோடு சேர்த்து முடிச்சிட்டு, பக்கங்களில் உப்பி நின்ற மடிப்புகளை உள்ளே செருகியபோது, தடுப்பு 77 விழுக்காடாக உயர்ந்தது. முடிச்சிடாத வைத்தியக் கவசத்தின் மேல் ஒரு துணிக் கவசத்தையும் அணிந்தபோது அது 85.4 விழுக்காடாயிற்று. ஒரு சதம் செலவில்லாத முடிச்சு ஒன்று, விலையுயர்ந்த பூச்சுகள் பலவற்றாலும் தரமுடியாத பலனைத் தந்துவிடுகிறது.

பொருந்துதல் என்பது முகத்துக்கு முகம் மாறுபடும். கவசங்களின் அளவைத் தீர்மானித்த பழைய முகமாதிரிகள், 1970-களில் லாஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில், அமெரிக்க விமானப்படையினரின் முகவளவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஏறத்தாழ 4,000 பேரின் முகங்களை அளந்து அம்மாதிரிகளைப் பின்னர் புதுப்பித்தார்கள் என்றாலும், அவர்களும் அமெரிக்கரே. மூக்குத்தண்டின் உயரமும், கன்ன எலும்பின் அகலமும், தாடையின் நீளமும் வேறாக அமைந்த ஆசிய முகங்களுக்கும், பொதுவாகவே பெண்களின் முகங்களுக்கும், அந்தக் கவசங்கள் சரிவரப் பொருந்தாமற் போவது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. நம் வைத்தியசாலைகளின் தாதியரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புலனாகும்.

திருகோணமலையைப் போல் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டத்தில் மற்றொரு காரியத்தையும் கருதவேண்டும். இறுகப் பொருந்தும் கவசம் எதுவும் தாடியின் மேல் முத்திரையிட்டாற்போல் அமர்வதில்லை; மார்க்கப் பற்றினால் தாடி வளர்ப்பவரிடம் அதைச் சிரைத்துவிட்டு வா என்று சொல்வது முறையுமன்று. பிரித்தானியாவில் பணியாற்றும் சீக்கிய வைத்தியர்கள் இதற்கொரு வழி கண்டார்கள்: சிங் தட்டா முறை என்று பெயர் பெற்ற அதிலே, இழுபடும் தன்மையுள்ள பட்டியால் தாடியை மோவாயோடு இறுக்கி மூடி, உச்சந்தலையில் முடிந்து, அதன் மேல் கவசத்தை அணிகிறார்கள். 2020-இல் வெளியான ஆய்வில், அவ்விதம் அணிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பொருத்தப் பரீட்சையில் தேறினார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள ஆதார வைத்தியசாலைகளின் ஊழியர்களுக்கு இந்த யுக்தி நேரடியாக உதவக்கூடியது. ஹிஜாப் அணியும் பெண்களுக்குக் காதுப்பட்டி தோதுப்படாது. துணியின் மேலாகத் தலையைச் சுற்றிக் கட்டும் பட்டியே பொருந்தும். அதுவே இறுக்கத்திலும் சிறந்தது.

வியர்வையின் தீர்ப்பு

ஆய்வுகூடத்தில் வெற்றிபெற்ற கவசத்துக்கு மறுபடியும் ஒரு பரீட்சை காத்திருக்கிறது. அதை நடத்துவது வெயில். நனைந்த அடுக்கின் ஊடாகக் காற்று செல்வது கடினம். மூச்சு கடினமானால் கை தானாகவே கவசத்தைக் கீழே இழுக்கும். குளிர்தேசத்து அறைகளில் வகுத்த உபகரணத்தை உஷ்ணதேசத்துத் துறைமுகத்தில் பாரம் சுமப்பவனிடம் கொடுத்துவிட்டு, அவன் கழற்றினான் என்று அபராதம் விதிப்பதில் நியாயமில்லை.

இந்த நோக்கில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியற் பேராசிரியர் காமினி ராஜபக்ஷவும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2021-இல் வெளிவந்த நானோ தொழில்நுட்பக் கவசம் கவனிக்கத் தக்கது. அதன் வெளியடுக்கு எச்சில் முதலான நீர்த்துளிகள் ஒட்டாதவாறு விலக்குகிறது. நடுவடுக்கு வைரசை அழிக்கும்படி அமைந்தது. உள்ளடுக்கு மூச்சின் ஈரத்தை விரைந்து ஆவியாக்குகிறது. வைரசை அழிக்கும் அடுக்கே பத்திரிகைகளின் புகழை அதிகம் பெற்றது. ஆயினும், நம் காலநிலையை நினைத்துப் பார்ப்பவருக்கு, ஈரத்தை ஆவியாக்கும் அந்த உள்ளடுக்கே அம்மூன்றிலும் அரிய சிந்தனையாகத் தோன்றும். துணியில் ஒட்டிய கிருமியைக் கொல்வது நல்லதே. ஆனால் விளிம்பு வழியே நுழையும் கிருமி அந்தத் துணியைத் தொடுவதேயில்லை. ஈரம் தங்காத கவசமோ முகத்தில் நிலைத்திருக்கிறது, நிலைத்திருப்பதே காக்கிறது.

அணிதலின் பலனைப் பெரிய அளவில் பரீட்சித்த நாடு நமக்கு அயலிலேயே இருக்கிறது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை பங்களாதேஷின் 600 கிராமங்களில், 3,40,000-க்கு மேற்பட்ட வயதுவந்தோரை உள்ளடக்கி ஒரு பெரும் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் வழங்கி, அணியும் முறையை விளக்கி, பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் ஊர்ப்பெரியவர்களைக் கொண்டு நினைவூட்டிவந்தபோது, ஒழுங்காக அணிவோர் நூற்றுக்கு 13 பேராக இருந்தது 42 பேராக உயர்ந்தது. நோய்க்குறி தோன்றி, இரத்தப் பரிசோதனையாலும் உறுதியான கொவிட், சத்திரசிகிச்சைக் கவசம் வழங்கிய கிராமங்களில் 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடையே அக்குறைவு 35 விழுக்காடு. பாதிப் பேருக்கு மேல் அணியாதிருந்த நிலையிலும், தளர்ந்த சாதாரணக் கவசத்தாலேயே கிடைத்த பலன் இது. முகத்தோடு பொருந்தி, மூச்சை அடைக்காத ஒன்றை அவர்களுக்குக் கொடுத்திருந்தால் எத்தனை முதியோர் கூடுதலாகக் காக்கப்பட்டிருப்பார்கள் என்று மனம் ஏங்குகிறது.

இறப்பரும் தையலும் உள்ள நாடு

2020 ஜனவரி இறுதியில் அரசாங்கம் கவசங்களுக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது, சாதாரணக் கவசத்துக்கு 15 ரூபாவும் என்-95-க்கு 150 ரூபாவும் என்று விதித்தது. பத்து மடங்கு வித்தியாசம். நாட்கூலி பெறும் ஒருவர், ஒரு நாள் அணிந்து எறிவதற்கு எதைத் தேர்ந்துகொள்வார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 2022-இல் அந்நியச் செலாவணி வற்றி, மருந்துக்கே தட்டுப்பாடு நேர்ந்ததைக் கண்ட நாம், இறக்குமதி செய்து அணிந்து எறியும் பண்டத்தின் மீது நம் உயிர்க்காப்பை நிறுத்திவைப்பது விவேகமாகாது. எறியப்பட்டவை போய்ச் சேரும் இடமோ கடல். 2020-இல் மாத்திரம் 156 கோடி முகக்கவசங்கள் உலகக் கடல்களிற் கலந்திருக்குமென்று ஓசன்ஸ் ஏசியா என்ற அமைப்பு மதிப்பிட்டது. மீனை நம்பி வாழும் கரைக்கு இது அலட்சியம் செய்யத்தக்க தொகையன்று.

மாற்று வழி உண்டு. இறப்பர் அல்லது சிலிக்கோன் போன்ற நெகிழ்பொருளால் முகத்தைத் தழுவி அமரும் பாதிமுகக் கவசமும், அதில் மாற்றத்தக்க வடிகட்டியும் கொண்ட உபகரணம் தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கழுவித் துடைத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். விளிம்பு தோலோடு ஒட்டியமர்வதால் கசிவு குறைவு. டெக்சாசிலுள்ள காசநோய் வைத்தியசாலை ஒன்று பல்லாண்டுகளாக இதனையே ஊழியருக்கு வழங்கிவருகிறது. 2020-இல் பிட்ஸ்பர்க் நகரத்து வைத்தியசாலைக் குழுமமொன்று என்-95-ஐ விட்டு இதற்கு மாறியபோது, செலவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததென்று அதன் வைத்தியர்கள் அறிக்கையிட்டார்கள். குறைகளும் இல்லாமலில்லை: பேச்சு மங்கலாய்க் கேட்கும், கனம் சற்று அதிகம், வெளிமூச்சுக் குழாய்வாயில் வடிகட்டி இல்லாவிட்டால், அணிந்தவரைக் காக்குமேயன்றி எதிரே நிற்பவரைக் காக்காது. இவை தீர்க்கத்தக்க குறைகள். தீர்க்க வேண்டிய வேலை பொறியியலாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் உரியது.

அந்த வேலைக்கு வேண்டிய திரவியங்கள் இத்தீவிலே நிறைந்திருக்கின்றன. ஆசியாவிலே முதன்முதலாக இறப்பர் கன்றுகள் நடப்பட்ட மண் 1876-ஆம் ஆண்டின் கம்பஹா, ஹெனரத்கொடை. அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கையுறையும் டயரும் உலகச் சந்தைக்குச் செல்கின்றன. உடலின் வளைவுக்கு இசையத் துணியை வெட்டித் தைக்கும் வித்தையில் நம் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு நிகரானவர் உலகில் சிலரே. 2020-இல் அத்தொழிற்சாலைகள் பல, பாதுகாப்பு அங்கிகளையும் கவசங்களையும் தைத்து ஏற்றுமதி செய்தன. முகத்தின் வளைவுக்கு இசைய ஒரு விளிம்பை அமைப்பது இந்த இரண்டு கைத்திறன்களும் சந்திக்கும் இடம்.

இங்கே தொடங்கலாம்

பெரிய ஆய்வுகூடமில்லாத மாவட்டத்தில் இவற்றையெல்லாம் பேசி ஆவதென்ன என்று கேட்போர் இருக்கலாம். தொடக்கத்துக்கு வேண்டியது மிகச் சொற்பம். பொருத்தப் பரீட்சை என்பது, கவசம் அணிந்தவரின் தலைமேல் ஒளி ஊடுருவும் பையொன்றைக் கவிழ்த்து, கசப்பு அல்லது இனிப்புச் சுவையுள்ள நீர்மத்தை அதனுள் தூவி, தலையை அசைத்தும் பேசியும் பார்க்கச் செய்து, சுவை தெரிகிறதா என்று கேட்பதே. சுவை தெரிந்தால் கசிவு உண்டு. சில நிமிட வேலை, மின்சாரமும் வேண்டாம். மாவட்டப் பொது வைத்தியசாலையில் அதற்கென ஓர் அறையை ஒதுக்கி, எந்த ஊழியருக்கு எந்த அளவும் எந்த வகையும் பொருந்துகின்றன என்று குறித்துவைத்தால், அடுத்த தொற்று வரும் நாளில் ஒவ்வொருவரும் தமக்குரிய கவசத்தை அறிந்திருப்பார்கள். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்து மாணவர்கள், இம்மாவட்டத்து ஆண் பெண் முகங்களை முறைப்படி அளந்து பதிவு செய்யலாம். அப்படியொரு பதிவேடு, தீவின் எந்த உற்பத்தியாளருக்கும் அரிய மூலதனமாகும். துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள், வெயிலில் எட்டு மணி நேரம் அணிந்து பார்த்து, எங்கே அழுத்துகிறது, எப்பொழுது நனைகிறது, எந்த வேலையில் நழுவுகிறது என்று சொல்லும் பரிசோதகர்களைத் தம்மிடையிலிருந்து தரலாம். கவசத்தைச் செய்பவர் கேட்டறிய வேண்டிய குரல் அவர்களுடையதே.

இவற்றுக்கெல்லாம் அடுத்த கொள்ளைநோய் வரட்டும் என்று காத்திருக்க அவசியமில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,000 பேர் காசநோயாளராக இனங்காணப்படுகிறார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்யும் தாதி இன்றைக்கே அதே காற்றைச் சுவாசிக்கிறாள். மாத்தூசையும் சீமெந்துத் தூசையும் சுவாசித்து உழைக்கும் தொழிலாளியின் சுவாசப்பை நாளுக்கு நாள் தன் ஆயுளைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது. இவ்விருவருக்கும் பொருந்துகிற, நனையாத, கழுவி மறுபடியும் அணியத்தக்க ஒரு கவசத்தை இந்நாட்டு இறப்பராலும் இந்நாட்டுத் தையலாலும் செய்து கொடுப்போமாயின், அந்த முயற்சி இன்றைய கடமையை நிறைவேற்றிய புண்ணியத்தோடு, நாளை வரும் வைரசுக்கு எதிரான ஆயத்தமாகவும் அமையும். சுகாதார அமைச்சும், பல்கலைக்கழகமும், தொழிலதிபரும், தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து பேசத் தொடங்கவேண்டிய காலம், தொற்று இல்லாத இந்தக் காலமே.